மலிவு யார் கொடுத்தது?

2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் இரண்டே நாட்களுக்குள் ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்தின. பேக்கைப் பொறுத்து உயர்வு 11 முதல் 25 சதவீதம் வரை இருந்தது. எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பியதும் மத்திய அரசிடமிருந்து விளக்கம் வந்தது. கட்டணத்தைத் தீர்மானிப்பது சந்தை, அரசு அதில் தலையிடுவதில்லை, உயர்த்திய பிறகும் உலகிலேயே குறைந்த கட்டணம் உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்றது அந்த விளக்கம்.

இந்தப் பதில் அரசின் பதில் மட்டுமல்ல. தொலைத்தொடர்பு பற்றிப் பேசும் ஏறக்குறைய எல்லோருடைய நம்பிக்கையும் இதுதான். இந்தியாவில் செல்பேசி மலிவானது தனியார் போட்டியால், குறிப்பாக 2016-க்குப் பிறகு ஜியோவால் என்று சொல்கிறார்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், வேலைக்குக் குறுக்கே நிற்கும் அல்லது வேலையே செய்யாத அலுவலகம். ஆகவே ஆணையம் ஒதுங்கிக்கொள்ளட்டும், மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும். பொருளாதாரப் பத்திகளில் இது நாகரிகமான மொழியில் வருகிறது. ரீசார்ஜ் கடை வாசலில் கொச்சையாக வருகிறது. சாரம் ஒன்றே.

இந்த வாதத்தில் ஓர் உண்மை உண்டு. 2009-ல் டாடா டோகோமோ வினாடிக்கு ஒரு பைசா என்று களமிறங்கியபோது எந்த ஆணையமும் அதற்கு உத்தரவு போட்டிருக்கவில்லை. நிமிடக் கணக்கில் காசு பிடுங்கிக்கொண்டிருந்த மற்ற நிறுவனங்கள் வேறு வழியில்லாமல் பின்தொடர்ந்தன. போட்டி விலையைக் குறைக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இந்த வாதம் கேட்பதே இல்லை. சந்தையில் எடைக்கல்லுக்கு அரசு முத்திரை குத்துவதால்தான் வியாபாரிகள் விலையில் மோதிக்கொள்கிறார்கள். முத்திரை இல்லாவிட்டால் கல்லில் மோதிக்கொள்வார்கள். தொலைத்தொடர்பில் முத்திரை குத்தும் வேலையை யார் செய்தார்கள் என்று பார்த்தால் மேற்சொன்ன நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியது இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு. அன்றே களத்தில் தனியார் நிறுவனங்கள் இருந்தன. சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்று இரண்டு இருந்தன. தனியார் இருந்தும், ஒன்றுக்கு இரண்டாக இருந்தும், நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம் இருந்தது. நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் நாமே காசு கொடுக்க வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு அழைப்பைத் துண்டித்து, தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு ஓடித் திரும்ப அழைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. போட்டி மட்டுமே போதும் என்றால் அப்போதே மலிந்திருக்க வேண்டும்.

டிராய் 1997-ல் அமைந்தது. அதற்குமுன் உரிமம் கொடுத்ததும் தொலைத்தொடர்புத் துறைதான், தொலைபேசிச் சேவை நடத்தியதும் அதே துறைதான். தனக்குப் போட்டியாக வருபவனுக்கு நிபந்தனை போடும் அதிகாரம் அதனிடமே இருந்தது. ஆணையம் 1999-ல் கட்டணச் சீரமைப்பைத் தொடங்கியது. கூப்பிடுபவரே காசு கொடுக்கட்டும், எடுப்பவருக்கு இலவசம் என்ற விதியையும் கொண்டுவர முயன்றது. 2000 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஜனவரியில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, நீதிபதி எஸ்.எஸ்.சோதி தலைமையிலான முதல் ஆணையத்தையே கலைத்தது. வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் ஆணையத்திடமிருந்து பறிக்கப்பட்டு, டிடிசாட் என்ற தனித் தீர்ப்பாயத்துக்குப் போனது.

கலைக்கப்பட்ட ஆணையம் விட்ட இடத்திலிருந்து அடுத்த ஆணையம் தொடர்ந்தது. 2003 மே முதல் தேதி வரும் அழைப்பு இலவசமானது. இந்தியாவில் செல்பேசி பணக்காரர் கையிலிருந்து ஆட்டோ ஓட்டுநர், பூக்காரி, கொத்தனார் கைக்கு இறங்கியது அதற்குப் பிறகுதான். காசு கட்ட முடியாதவரும் எண்ணை வைத்துக்கொள்ளலாம், அழைப்பை எடுக்கலாம், மிஸ்டு கால் கொடுக்கலாம் என்ற நிலை அந்த விதியால் வந்தது. எந்த நிறுவனமும் தன் தாராள மனதால் அதைத் தரவில்லை.

இனி ஜியோவுக்கு வருவோம். சந்தையின் சாதனைக்கு எல்லோரும் காட்டும் சாட்சி அதுதான். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ சேவை தொடங்கியது. தொடங்கிய கையோடு அதன் வாடிக்கையாளர்கள் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா எண்களை அழைத்தால் அழைப்பு போய்ச் சேரவில்லை. ஒரு நிறுவனத்தின் அழைப்பு இன்னொன்றின் வலைக்குள் நுழைய இணைப்பு முனைகள் வேண்டும். அந்த முனைகளைக் கொடுக்க வேண்டியவர்கள் பழைய நிறுவனங்கள். புதியவன் வளர்வதில் அவர்களுக்கு என்ன லாபம்? போதுமான முனைகள் கொடுக்கப்படவில்லை. அடுத்த மாதமே டிராய் மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப் பரிந்துரைத்தது. ஜியோவின் இலவசச் சலுகையை 2017 மார்ச் வரை நீட்டிக்க அனுமதித்ததும், அடுத்த நிறுவனத்துக்குப் போய்ச்சேரும் அழைப்புக்கான கட்டணத்தை 2017 அக்டோபரில் 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைத்ததும் அதே ஆணையம்.

ஆணையம் ஜியோவுக்குச் சாதகமாக நடந்தது என்று பழைய நிறுவனங்கள் கொதித்தன, வழக்குப் போட்டன. அந்தக் குற்றச்சாட்டு நியாயமா என்பது தனி விவாதம். நடத்த வேண்டிய விவாதமும்கூட. ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்று தெளிவு: ஆணையத்தின் விதிகள் இல்லாமல் ஜியோ என்ற போட்டி இல்லை. அந்தப் போட்டியைச் சந்தையின் தன்னிச்சையான விளைவு என்று கொண்டாடுபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி ஏர்செல். 2018 பிப்ரவரி மூன்றாம் வாரம் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் விழுந்தது. இங்கே அந்த நிறுவனத்துக்கு வேர் ஆழம். லட்சக்கணக்கானோர் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் பதிவு எல்லாவற்றையும் அந்த எண்ணில்தான் கட்டிவைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் நிறுவனம் திவால் மனு போட்டது. சந்தையின் கணக்கில் இது சரியான முடிவுதான்: நட்டத்தில் ஓடிய நிறுவனம் விலகிக்கொண்டது. அந்தக் கணக்கில் வாடிக்கையாளரின் எண்ணுக்கு இடமே இல்லை. எண்ணை இழக்காமல் வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை அவர்களைக் காப்பாற்றியது. சிக்னலே இல்லாமல் போர்ட் குறுஞ்செய்தி எப்படி அனுப்புவது என்று கடைகளில் கூட்டம் முண்டியடித்தபோது, அவர்களுக்கான போர்ட்டிங் குறியீட்டை உருவாக்கவும் அதன் கெடுவை ஏப்ரல் 15 வரை நீட்டிக்கவும் டிராய் உத்தரவிட்டது.

அந்த உரிமை சும்மா வந்ததா? எண் மாற்ற வசதியை டிராய் பரிந்துரைத்தது 2006-ல். தேதி குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாக ஆண்டுகள் ஓடின. 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில்தான் நாடு முழுக்க வந்தது. சந்தை தன்னிச்சையாகப் போட்டியைத் தரும் என்றால், வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றை அவிழ்க்க ஐந்து ஆண்டுகள் ஏன் ஆனது? ஏனென்றால் வாடிக்கையாளர் எளிதாக விலகிப்போவதை எந்த நிறுவனமும் விரும்பாது. போட்டி எல்லோருக்கும் பிடிக்கும், அடுத்தவன் தொழிலில்.

இணையத்திலும் இதே கதைதான். 2015-ல் சில தளங்கள் மட்டும் இலவசம், மற்றவற்றுக்குக் காசு என்ற திட்டங்கள் வந்தன. ஏர்டெல் ஜீரோ ஒன்று. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இன்னொன்று. ஏழைகளுக்கு இலவச இணையம் என்று விளம்பரம் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வந்தது. எது இலவசம் என்று முடிவு செய்பவர் எது வளரும், எது வாடும் என்றும் முடிவு செய்கிறார் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வக்கில்லாத ஒரு சிறு தமிழ்ச் செய்தித் தளமோ, மதுரையில் நாலு பேர் சேர்ந்து செய்த செயலியோ அந்த இலவசப் பட்டியலில் எப்படி இடம்பிடிக்கும்? லட்சக்கணக்கான மக்கள் டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2016 பிப்ரவரி 8-ல் டேட்டாவுக்குத் தளத்துக்குத் தளம் வேறு விலை வைப்பதை ஆணையம் தடை செய்தது. சந்தையிடம் விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது ஃப்ரீ பேசிக்ஸ்தான்.

இந்த அனுபவம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. மெக்சிகோவில் கார்லோஸ் ஸ்லிமின் அமெரிக்கா மோவில், செல்பேசிச் சந்தையில் 70 சதவீதம் அளவுக்குப் பங்கை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அசையாமல் இருந்தது. போட்டியாளர்கள் இருந்தார்கள், சந்தை திறந்தே இருந்தது. கட்டணம் மட்டும் இறங்கவில்லை. 2013-ல் அரசியலமைப்பையே திருத்தித் தன்னாட்சி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை உண்டாக்கி, அந்த நிறுவனத்தின் மேல் கூடுதல் நிபந்தனைகள் போட்ட பிறகே விலை சரிந்தது. 2015 தொடக்கத்திலிருந்து உள்நாட்டு நெடுந்தொலைவு அழைப்புக்குத் தனிக் கட்டணமே இல்லாமல் போனது.

சரி, பழைய கதை முடிந்தது, இப்போது ஆணையம் எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் என் மறுப்பின் மையம் இருக்கிறது. செல்பேசிக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம், ஆணையம் கைகட்டி நிற்கும் என்ற முடிவு 2002-ல் எடுக்கப்பட்டது. சந்தைக்குள் புதியவர்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. பின்னால் சில தொலைத்தொடர்பு வட்டங்களில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முட்டி மோதின. அந்தச் சூழலுக்கு அந்த முடிவு சரி. இன்று தனியாரில் மிஞ்சியது மூன்று. அதிலும் ஜியோவும் ஏர்டெலும் சேர்ந்து சந்தையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வைத்திருக்கின்றன. மூன்றாவது நிறுவனம் கடனில் மூழ்கி, அதன் 49 சதவீதப் பங்கு அரசு கைக்கே போய்விட்டது. பிஎஸ்என்எல் பிழைத்திருக்கிறது, அவ்வளவுதான். பத்துப் பேர் மோதிய களத்துக்குப் போட்ட விதியை, இரண்டரைப் பேர் நிற்கும் களத்திலும் அப்படியே வைத்திருக்கிறோம். ஒரே வாரத்தில் மூவரும் விலையை ஏற்றியதைப் போட்டி என்று எந்த அகராதியின்படி அழைப்பது?

சந்தையே தீர்மானிக்கட்டும் என்பது நிறுவனங்களுக்கே நிலையான கொள்கை அல்ல. 2019 டிசம்பரில் கட்டணத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு வேண்டுமா என்று டிராய் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டபோது, அதே நிறுவனங்கள் வேண்டும் என்று வரிசையில் நின்றன. ஒரு ஜிபிக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாய் என்று அரசு நிர்ணயிக்க வேண்டும் என வோடஃபோன் ஐடியா கேட்டது. விலை இறங்கும்போது தரையைப் போடு என்று அரசிடம் ஓடுவதும், ஏறும்போது கூரையைப் பற்றிப் பேசாதே என்று கதவைச் சாத்துவதும் கொள்கையல்ல, வசதி. ஆணையம் அந்தத் தரையைப் போடவில்லை என்பதற்காக நாம் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அன்றாட விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மாத பேக் என்று வாங்குவது 28 நாளில் முடிகிறது. பதின்மூன்று 28-கள் 364. ஆக, ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். மூன்று நிறுவனங்களும் சொல்லிவைத்தாற்போல் இதே எண்ணில் நின்றன. 30 நாள் தருகிறேன் என்று வாடிக்கையாளரை இழுக்க ஒருவரும் முந்தவில்லை. 30 நாள் பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய்தான் உத்தரவிட்டது. அதேபோல, பட்டன் போனில் பேச மட்டும் செய்யும் பாட்டிக்கும் தினம் இரண்டு ஜிபி டேட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் கட்டாயம் என்று 2024 டிசம்பரில் ஆணையம் விதி போட்டது. நிறுவனங்கள் செய்தது என்ன? ஏற்கெனவே இருந்த பேக்கிலிருந்து டேட்டாவை உருவிவிட்டு, விலையைப் பெரிதாகத் தொடாமல் வைத்தார்கள். ஆணையம் விலையைப் பரிசீலிப்பதாகச் சொன்ன பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கியது. சந்தையின் குணமும் ஆணையத்தின் இன்றைய பலத்தின் எல்லையும் இந்த ஒரு சம்பவத்திலேயே தெரிகின்றன.

இப்போது எதிர்த்தரப்பின் கூர்மையான கேள்விக்கு வருகிறேன். டிராய் செய்ததெல்லாம் சரியா? இல்லை. 2012-ல் 122 உரிமங்களை ரத்து செய்த 2ஜி தீர்ப்பில், ஆணையத்தின் 2007 பரிந்துரைகளையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2019 பிப்ரவரியில் வந்த கேபிள் கட்டண முறை, பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு என்ற நல்ல நோக்கத்தோடு வந்து, பல வீடுகளில் மாதக் கட்டணத்தை ஏற்றிவிட்டது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று தினமும் வரும் தொல்லை அழைப்புகள் 1909 என்ற எண்ணில் பதிவு செய்த பிறகும் நிற்கவில்லை. அழைப்பு பாதியில் அறுந்தால் ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று ரூபாய் வரை ஈடு என்று 2015-ல் போட்ட விதியை, 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இவற்றை வைத்து ஆணையமே வேண்டாம் என்று முடிப்பவர்கள், அந்தத் தோல்விகளின் காரணத்தைப் பார்ப்பதில்லை. அழைப்பு முறிவு வழக்கில் நீதிமன்றம் சொன்னது, வாடிக்கையாளருக்கு ஈடு தேவையில்லை என்றல்ல. முறிவுக்கு ஒரு பகுதி காரணம் வாடிக்கையாளர் பக்கமும் இருக்கலாம் என்று ஆணையத்தின் தாளே சொல்லியிருக்க, முழுப் பழியையும் நிறுவனத்தின் மேல் போட்டது தன்னிச்சை என்றது. சட்டம் கொடுத்த அதிகாரத்தை மீறியது என்றது. முடிவெடுத்த விதத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்றது. கருத்துக்கேட்டு விதி செய்யும் முறையைச் சட்டமாக்கும்படி நாடாளுமன்றத்துக்கும் ஆலோசனை சொன்னது. அதிகாரத்தைத் தெளிவாக எழுதி, வேலையை ஒழுங்காகச் செய் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பொருள். கடையை மூடு என்பதல்ல.

அதிகாரக் குறைவு எவ்வளவு என்பதற்கு ஜியோ இணைப்பு விவகாரமே அத்தாட்சி. 2016-ல் ஆணையம் பரிந்துரைத்த அபராதத்துக்குத் தொலைத்தொடர்புத் துறை நோட்டீஸ் அனுப்பியது 2021-ல். அதன் பிறகும் விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஆணையம் பரிந்துரைக்கலாம், விதிப்பது அரசு. டிராய் சட்டத்தின் 29-ம் பிரிவில் ஆணையத்தின் உத்தரவை மீறினால் தண்டனை என்ன தெரியுமா? முதல் முறை ஒரு லட்சம் ரூபாய் வரை, அடுத்த முறை இரண்டு லட்சம் வரை, தொடர்ந்தால் நாளுக்கு இரண்டு லட்சம் வரை. அதுவும் நீதிமன்றம் போய் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கான கோடியில் புரளும் நிறுவனத்துக்கு இது தேநீர்ச் செலவு. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2017-ல் பிடி நிறுவனத்துக்கு நேரடியாக 4.2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. வணிக நிறுவனங்களுக்கான இணைப்புகளைத் தருவதில் நடந்த தாமதமும் ஒப்பந்தப்படியான ஈட்டைக் குறைத்துக் கொடுத்ததும்தான் காரணம். அந்த அதிகாரத்தால் பிரிட்டனில் சந்தை செத்துவிடவில்லை.

ஆணையம் வேண்டாம், அரசே பார்த்துக்கொள்ளும் என்று சொல்வாரும் உண்டு. எந்த அரசு? அலைக்கற்றையை ஏலம் விட்டுப் பணம் பார்ப்பது அரசு. வருவாயில் பங்கு வாங்குவது அரசு. பிஎஸ்என்எல்லின் உரிமையாளர் அரசு. வோடஃபோன் ஐடியாவில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு அரசிடம். கட்டணம் ஏறினால் நிறுவனங்களின் வருவாய் ஏறும். வருவாய் ஏறினால் அரசின் பங்கும் ஏறும். 1997-ல் ஆணையத்தை உண்டாக்கக் காரணமாக இருந்த முரண் இன்று வேறு உருவில், முன்பைவிடப் பெரிதாக நிற்கிறது.

ஆணையத்தின் சுதந்திரத்தையும் அந்த அரசுதான் அரித்தது. ஆணையத் தலைவர் ஓய்வுக்குப் பிறகு அரசுப் பதவிக்குப் போகக்கூடாது என்று சட்டம் முதலில் சொன்னது. நாளை கிடைக்கப்போகும் பதவிக்காக இன்று வளையக்கூடாது என்பது அதன் நோக்கம். 2014 மே மாதம், முன்னாள் தலைவர் நிருபேந்திர மிஸ்ராவைப் பிரதமரின் முதன்மைச் செயலாளராக நியமிப்பதற்காக, அவசரச் சட்டம் போட்டு அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் என்றால் அரசின் அனுமதி வேண்டும், அவ்வளவே என்றாயிற்று. யாரிடமிருந்து விலகி நிற்க வேண்டுமோ அவரிடமே அனுமதி வாங்க வேண்டும். ஆணையத்தின் செலவுக்கும் அரசின் மானியமே ஆதாரம். கையைக் கட்டிவிட்டு, நீந்தத் தெரியவில்லை என்று பழிப்பது என்ன நியாயம்?

ஆகவே கோரிக்கைகள் எதிர்த்திசையில் இருக்க வேண்டும். விதி மீறும் நிறுவனத்துக்கு, அதன் வருவாய்க்கு ஏற்ற அபராதத்தை நேரடியாக விதிக்கும் அதிகாரம் டிராய்க்கு வேண்டும். அதன் மேல் தீர்ப்பாயத்தில் முறையீடு இருக்கட்டும். ஓய்வுக்குப் பிந்தைய பதவித் தடை பழையபடி முழுமையாகத் திரும்ப வேண்டும். நூறு கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளைப் பாதிக்கும் கலந்தாய்வுத் தாள்கள் ஆங்கிலம் படித்தவர்களுக்கும் நிறுவன வழக்கறிஞர்களுக்கும் மட்டும் உரியவையாக இல்லாமல், தமிழ் உள்ளிட்ட மக்கள் மொழிகளில் வெளியாக வேண்டும். கட்டணத்தில் தலையிடுவதில்லை என்ற 2002-ன் முடிவை ஆணையம் மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டும். எல்லா பேக்குக்கும் விலை நிர்ணயிக்கச் சொல்லவில்லை. பேசுவதற்கும் எண்ணை உயிரோடு வைத்திருப்பதற்குமான அடிப்படை பேக் ஒன்றுக்கு மட்டும் உச்சவரம்பு போதும். தேசிய ரோமிங் கட்டணத்துக்கு இதே ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதனால் எந்த நிறுவனமும் மூடப்படவில்லை.

வங்கியின் ஓடிபி, ரேஷன் கடைத் தகவல், நூறு நாள் வேலைக் கூலி வந்த செய்தி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. எண்ணை உயிரோடு வைத்திருப்பது இனி வசதியல்ல, பிழைப்பு. பிழைப்புக்கான விலையை இரண்டரை நிறுவனங்களின் நல்லெண்ணத்திடம் ஒப்படைத்துவிட்டு அதற்குச் சந்தை என்று பெயர் வைக்கிறோம். டிராய் மேல் எனக்கும் கோபம் உண்டு: தனக்கு இருக்கும் அதிகாரத்தைக்கூட அது முழுதாகப் பயன்படுத்துவதில்லை. அந்தக் கோபத்தை ஆணையத்தை ஒழிக்கச் சொல்லும் கூட்டத்துக்குக் கடன் கொடுக்க நான் தயாரில்லை.